விடுமுறையில் வெடித்த கண்டென்ஸர்

கணவர் இறந்த மறுவருடம் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் ரசாயன ஆசிரியையாகச் சேர்ந்தேன். 1950களின் கடைசி அது. குளிர்கால விடுமுறைக்குப் பிள்ளைகளும் மற்ற ஆசிரியைகளும் கீழே இறங்கிவிட்டார்கள். எனக்கு மதுரையில் அண்ணன் வீடு இருந்தது. கூப்பிட்டால் போகலாம் என்றிருந்தேன். கூப்பிடவில்லை.

பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில்தான் கிடந்தேன். அங்கே ஸ்டவ் இருந்தது, கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தது. பள்ளி திறந்ததும் வேண்டியிருக்கும் வடிநீரை, காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரை, இறக்கிக்கொண்டிருப்பேன். நூறு டிகிரி என்று புத்தகம் சொல்லும் தண்ணீர், அந்த உயரத்தில் தொண்ணூற்று மூன்றிலேயே குடுவையில் கொதித்துவிடும். ஆவி கண்டென்ஸருக்குள் போகும். ஒரு கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஓடும் பச்சைத் தண்ணீர் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டாக்கும். நாள் முழுக்க எனக்குக் கேட்டது அந்தச் சொட்டு விழும் சத்தம் மட்டுந்தான்.

தை பிறந்து ஒரு காலை, புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. கண்டென்ஸரில் தங்கிய தண்ணீரும் உறைந்து, வெளிக்குழாய் நெடுகப் பிளந்திருந்தது.

பக்கத்து மலைக்கிராமமான பள்ளங்கியில் பூண்டு ஏற்றும் லாரி டிரைவர் ஒருவர், பேட்டரிக்கு ஊற்ற வடிநீர் வாங்க வருவார். அன்றைக்கும் வந்தார்.

“தண்ணி இல்லீங்க. கண்ணாடி வெடிச்சுப்போச்சு.”

“நாளைக்கு வெள்ளனே மதுரைக்கு லோடு போகுதுங்க டீச்சர். எம் பொஞ்சாதியும் வர்றா. நீங்களும் வந்து புதுசு வாங்கிட்டு வந்துருங்க.”

“இங்க சோலி இருக்கே.”

“கண்ணாடியே வெடிச்சுக் கெடக்கு, இன்னும் என்னங்க சோலி?”

மறுநாள் விடியுமுன் அவர்களோடு லாரியில் போனேன்.

மதுரைக் கடையில் புதுக் கண்டென்ஸரை வைக்கோல் சுற்றிக் கொடுத்தார்கள். லாரி திரும்ப நேரமிருந்தது. வழியில் அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்திருந்தது. “அண்ணன் வீட்ட ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க,” என்றாள் டிரைவரின் மனைவி.

தெரு திரும்பியதும் பந்தல் தெரிந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே மேளம். அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மதினி பட்டுப்புடவையில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தைக்கு முதன்முதலில் தலைவாரிப் பூ வைத்தவள் நான். வைக்கோல் கட்டை மார்போடு அணைத்தபடி எதிர்வீட்டு நிழலில் கொஞ்சம் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பிவிட்டேன்.

“பாத்தீங்களா?”

“வீடு பூட்டிக் கெடக்கு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். மலை ஏறிக் குளிர் தொடங்கியபோது தன் கம்பளியில் பாதியை இழுத்து என்மேல் போர்த்தினாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. லாரி இரைச்சலில் அது வெளியே கேட்டிருக்காது.

கோடையில் அண்ணன் குடும்பம் ஏரி பார்க்க மேலே வந்தது. எனக்குப் புடவை கொண்டுவந்திருந்தார்கள்.

“கல்யாணத்துக்கு ஒனக்கு லீவு கெடைக்காதுன்னு நெனச்சோம்மா,” என்றாள் மதினி.

“ஆமா மதினி, கெடைக்கல,” என்றேன்.