ஆர்வில் ஒப்புக்கொள்ளாத கற்கள்

செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஆர்வில் இன்ஸ்லியின் முகத்தைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். குரலைக் கேட்காதவர்கள் இல்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். ஒரு வண்டிப் பிள்ளைகளின் கூச்சலுக்கும் மேலே பேசிப் பழகிய தொண்டை, ஓய்வுக்குப் பிறகும் இறங்க மறுத்துவிட்டது. பெர்ச் மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரிக்கும் பக்குவம் முதல் போதகரின் பிரசங்கம் எந்த இடத்தில் தடம் மாறுகிறது என்பது வரை, அவரிடம் கருத்து இல்லாத விஷயமே கிடையாது.

அந்த விரிகுடாவில் இலையுதிர்காலம் என்றால் இரண்டே மீன்தான். ஒன்று பெர்ச். இன்னொன்று, விலாவில் கறுப்புக் கோடுகள் ஓடும் பெரிய மீன். வெளியூர்க்காரர்கள் அதை எப்படி வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளட்டும், இங்கே அதன் பெயர் பாறை. விரிகுடாவின் அடியெல்லாம் சேறும் மணலும்தான். நிஜப் பாறை மருந்துக்கும் இல்லை. ஆகவே அந்தப் பெயரால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

போன வசந்தத்தில்தான் கரை அரிப்பைத் தடுக்கிறோம் என்று கரையின் முனையில் கற்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஊர்க் கூட்டத்தில் ஆர்வில் எதிர்த்துப் பேசினார். நெடுநேரம் பேசினார். தோற்றார். அன்றிலிருந்து அந்தக் கற்களை அவர் ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பக்கம் படகு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். யாராவது பேச்செடுத்தால், "எந்தக் கல்லு?" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, வருங்காலச் சம்பந்தியைப் படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மகள் ட்ரூடி கட்டிக்கொள்ளப்போகும் காலெப்பின் அப்பா அவர். பெயர் எமெட் லீட்டன். வடக்கே மெய்னில் சிங்கி இறால் பிடிக்கிறவர். பேச்சில் படு சிக்கனம். கல்யாணமானதும் பிள்ளைகள் மெய்னுக்கே போய்விடுவதாகப் பேச்சு அடிபட்டது. தாயில்லாமல் வளர்த்த ஒரே பெண். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் தான் யாரிடம் பேசுவது என்பதுதான் ஆர்விலின் கவலை. அதனால் ஒரு திட்டம் வைத்திருந்தார். சம்பந்தி இங்கே ஒரே ஒரு பாறையைப் பிடித்துவிட்டால் போதும், 'பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும்' என்று அவர் வாயாலேயே சொல்லிவிடுவார்.

பழைய துறையின் மரத்தூண்களை ஒட்டிச் சின்ன இறாலைக் கோத்துப் போட்டதும் பெர்ச் வரிசையாக ஏறியது.

"எப்படி சம்பந்தி, உங்க ஊர்ல இப்படி வருமா?"

"வராது."

"காத்தப் பாருங்க, வெறும் சட்டையோட உக்காந்திருக்கோம். உங்க ஊர்ல இந்நேரம் மூக்கு விறைச்சிருக்கும்ல?"

"ஆமா."

ஆர்விலுக்கு உச்சி குளிர்ந்தது. தூரத்தில், முனைக்கு அப்பால், கடற்காகங்கள் கூட்டமாக வட்டமிட்டு நீரில் பாய்ந்துகொண்டிருந்தன. கீழே பாறை வேட்டையாடுகிறது என்று அர்த்தம். "முன்னாடி உக்காந்து கண்ண நல்லாத் தொறந்து பாத்துட்டு வாங்க சம்பந்தி! கண்ல பட்டா ஒரு சத்தம் குடுங்க!" என்று எஞ்சினை முடுக்கினார். முனை நெருங்கியது. வழக்கம்போல அவர் முகம் எதிர்ப்பக்கம் திரும்பியது. வாய் மட்டும் ஓயவில்லை.

மெய்னில் படகின் முன்னால் உட்காருகிறவனுக்கு வேலை ஒன்றே ஒன்று: வழியில் ஆபத்து தெரிந்தால் குரல் கொடுப்பது. எமெட் அதை ஒழுங்காகச் செய்தார்.

"பாறை!"

"எங்க?"

"நேரா முன்னாடி!"

"பெருசா?"

எமெட்டுக்கு அது கேட்கிற கேள்வியாகப் படவில்லை. இருந்தாலும் உள்ளதைச் சொன்னார். "ரொம்பப் பெருசு!"

"ஒண்ணா, கூட்டமா?"

"கூட்டமா இருக்கு!"

"ஆழத்துலயா?"

"மேலயே தெரியுதுய்யா!"

"அப்படிப் போடு!" என்று ஆர்வில் எஞ்சினை முழுசாகத் திருகினார்.

அடுத்து எழுந்த சத்தம் துறைவரை கேட்டதாம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கற்கள்மேல் ஏறி உட்கார்ந்தது. எஞ்சினின் விசிறி உடைந்தது. பெர்ச் வாளி கவிழ்ந்து, மீன்கள் இருவர் காலடியிலும் துள்ளின.

"நான்தான் சொன்னேனே" என்றார் எமெட், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

"நீங்க மீனச் சொல்றீங்கன்னு நெனச்சேன்!"

எமெட் வெகுநேரம் யோசித்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துத் தொலைபேசியில் ட்ரூடியை அழைத்தார்.

ஓதம் வற்றித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. காட்டுவதற்கு இனி மீனும் இல்லை, மானமும் இல்லை. ஆர்வில் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். "சம்பந்தி, என் பொண்ண உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. உங்க பையனுக்கு இங்கயே ஒரு வேல பாத்துத் தரேன்."

எமெட் ஒரு பெர்ச்சை எடுத்துத் தண்ணீரில் விட்டார். "என் பையனுக்கு எந்த ஊரா இருந்தாலும் சரிதான். உங்க பொண்ணுதான் எங்கிட்ட வந்து கேட்டா, என் படகுல வேலைக்கு ஆள் வேணுமான்னு. உங்ககிட்ட இன்னும் சொல்லலியா?"

ஆர்வில் குனிந்து, காலடியில் துள்ளிய இன்னொரு பெர்ச்சை எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

ட்ரூடி பக்கத்து வீட்டுப் படகை ஓட்டிக்கொண்டு வந்தாள். கற்களுக்கு இந்தப் பக்கமாகவே நிறுத்தி, கயிற்றை ஒரே வீச்சில் எமெட் கையில் சேர்த்தாள். அப்பாவின் படகைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

இருவரையும் ஏற்றிக்கொண்டு, பழுதான படகை இழுத்தபடி திரும்பும்போது ஆர்வில் கேட்டார். "படகு வேலைக்குப் போகணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லம்மா?"

"கேட்டேன்பா. சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் நான் பாதி சொல்றதுக்குள்ள நீங்க பேச ஆரம்பிச்சிடுவீங்க."

ஆர்விலுக்குச் சுருக்கென்றது. அவள் சொல்லித் தனக்கு நினைவிருக்கிற ஒரு முழு வாக்கியத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. கண் கலங்கியது. அதைச் சம்பந்தி பார்ப்பதைப் பற்றியும் அவர் கவலைப்படவில்லை.

"இப்பச் சொல்லு" என்றார்.

அவள் எஞ்சினை அணைத்தாள். துறைக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே, படகு தன்போக்கில் மிதக்க, சொன்னாள். நிறையச் சொன்னாள். நடுவில் இரண்டு முறை நிறுத்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பழக்க தோஷத்தில். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.