மதினி வைத்த பத்தியம்

டாக்டரைப் பார்த்துவிட்டு ஐயா திரும்பி வந்த குதிரை வண்டியில் இரண்டு பக்கமும் திரை தொங்கியது. எங்கள் ஐயா வண்டியில் போனால் முன்னால், வண்டிக்காரன் பக்கத்தில்தான் உட்காருவார். தெருவில் எதிர்ப்படும் கடைக்காரர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு, வண்டியை நிறுத்தி நிறுத்தித்தான் வீடு வந்து சேர்வார். அப்பாவைத்தான் நாங்கள் ஐயா என்போம். அப்படிப்பட்டவர் அன்று உச்சி வெயிலில், கோஷாப் பெண் போலத் திரைக்குள் ஒடுங்கி வந்து, இறங்கியதும் தெருக்கதவைச் சாத்தச் சொன்னார். அம்மா என்னவோ ஏதோ என்று பதறினாள். "நீரிழிவாம்" என்றார். யாரோ ஒருவருடைய களவைப் பற்றிச் சொல்வது போலத் தணிந்த குரலில் சொன்னார்.

வியாதிக்கு ஏன் இத்தனை வெட்கம் என்று இன்று கேட்கலாம். ஐயா கருப்பட்டி மொத்த வியாபாரி. உடன்குடிப் பக்கத்துப் பனங்காடுகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் சரக்கு, எங்கள் வீட்டை ஒட்டியிருந்த கிட்டங்கியில் அடைந்து, பிறகு கொழும்புத் தோணிகளில் ஏறும். எங்கள் வீட்டில் கருப்பட்டி என்பது இனிப்பு அல்ல, மருந்து. பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டி, பெரியவளானவளுக்குக் கருப்பட்டி, சளிக்கும் கருப்பட்டி. அதை விற்கிறவருக்கே இந்த வியாதி என்றால் ஊர் சிரிக்காதா? இது ஒன்று. இன்னொன்று நான். கல்யாணத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். சீக்குப் பிடித்த குடும்பம் என்று பெயர் வந்துவிட்டால் யார் வாசற்படி மிதிப்பார்கள்? ஆகவே இந்தச் சேதி நாலு சுவரைத் தாண்டக் கூடாது என்று முடிவானது. நான் அந்த வீட்டின் சுமையாகிவிட்டேன் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது. தலைகுனிந்து அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இனிப்பே கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியனுப்பினார். அம்மா அதை அப்படியே நிறைவேற்றினாள். ஜப்பான் சண்டைக் காலம், வெள்ளைச் சீனி ரேஷனில்கூட ஒழுங்காகக் கிடைக்காது. கிடைத்த கொஞ்சத்தையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். மனுஷன் இளைத்துப்போகிறாரே என்று காபியில் கருப்பட்டியை இரண்டு மடங்காக்கினாள். எங்கள் ஊரில், எங்கள் ஆட்களில், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஐயாவின் இடது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஒன்று இருந்தது. அது ஆறுவதற்குப் பதிலாக அகலமானது. மறுபடி போனபோது, என்ன குடிக்கிறீர் என்று டாக்டர் கேட்டாராம். ஐயா சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாராம். இந்தப் புண் ஆறாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லியனுப்பினார்.

அப்போதுதான் மதினி இதில் தலையிட்டாள். மதினி என் அண்ணனின் மனைவி. வேம்பாரில் பிறந்தவள், கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் இருந்தான். அவள் எங்கள் வீட்டில் மாமியார், மாமனார், நான் என்று மூன்று பேருக்கு நடுவே தனியாக இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் அம்மா ஐயாவுக்கென்று தனியாக உப்பு உறைப்பு இல்லாமல் ஒரு கஞ்சியும், பாகற்காய் வேகவைத்ததும் கொண்டுவைக்க, அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவதைச் சில நாள் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். "ஒருத்தருக்கு மட்டும் வச்சா அது பத்தியம் அத்தை. எல்லாருக்கும் வச்சா அது சாப்பாடுதானே?"

அதிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான். காலையில் கேப்பைக் கூழும் சின்ன வெங்காயமும். மத்தியானம் சோற்றுக் குவியல் சிறுத்து, பக்கத்தில் கீரையும் அவரைக்காயும் பெருத்தன. சாளை மீன் குழம்பில் தேங்காய் குறைந்தது, காணத் துவையல், அதாவது கொள்ளுத் துவையல், தினப்படி ஆனது. காபிக் கருப்பட்டியை அவள் ஒரே நாளில் நிறுத்தவில்லை. வாரத்துக்கு வாரம் ஒரு சிறு துண்டு குறைத்துக்கொண்டே வந்தாள். ஐயாவின் நாக்குக்கே தெரியாமல் ஒரு நாள் வெறும் சுக்குக் காபிக்கு வந்து நின்றது. நல்ல நாளில் ஒரு கை பொங்கலும் வைப்பாள். அறவே கூடாது என்று சொன்னால் மனுஷர் திருடித் தின்பார் என்பது அவள் கட்சி. நான்தான் முணுமுணுத்தேன். சீக்கு அவருக்கு, கூழ் எனக்கா என்று கேட்டேன். விருந்தாட்கள் வந்தால் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போகும். பர்மா அரிசி நின்றுபோன காலமாக இருந்ததால் பிழைத்தோம். ரேஷன் பாடு இப்படித்தான் என்று சொல்லி, ஜப்பான்காரன் தலையில் பழியைப் போட்டுக் கூழை ஊற்றினோம்.

கூழைவிடப் பெரிய வெட்கம் கொல்லைப்புறத்தில் இருந்தது. டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு புட்டி நீல மருந்தும் கொடுத்திருந்தார். அந்த மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டு, கொதிநீரில் குழாயை நிறுத்திவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் பரவாயில்லை. செங்கல் நிறமானால் உடம்பில் சர்க்கரை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சேதி வெளியே போய்விடும் என்று கம்பவுண்டரைக் கூப்பிட ஐயா சம்மதிக்கவில்லை. அம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. என்னைச் செய்யச் சொல்ல யாருக்கும் மனசில்லை. கடைசியில் அது மதினியின் வேலையாயிற்று. மாமனார் இருக்கும் கூடத்தைக் கடக்கும்போதுகூட முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போகிறவள் அவள். ஐயா குளியல் தட்டிக்குப் பின்னால் மூத்திரம் பிடித்த புட்டியை வைத்துவிட்டு ஒரு இருமல் இருமுவார். அவர் போன பிறகு அவள் எடுத்துக்கொள்வாள். இரண்டு பேரும் அந்த நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. அந்த இருமலைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும்.

மார்கழி, தை மாதங்களில் நிறம் இறங்கிக்கொண்டே வந்தது. செங்கல் மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று. புண்ணின் ஓரம் காயத் தொடங்கியது. ஐயா செருப்புப் போட்டு நடந்தார். அம்மா மதினியின் தலையில் பூ வைத்துவிட்டாள். பங்குனி முடிந்து புதுக் கருப்பட்டி வரத்து ஆரம்பித்தது. சீனி கிடைக்காத காலமானதால் அந்த வருஷம் சரக்குக்கு ஏகப்பட்ட கிராக்கி, கிட்டங்கி வாசலில் வண்டி நிற்க இடமில்லை. அந்த நாட்களில்தான் ஒரு காலை குழாயில் மறுபடியும் செங்கல் நிறம் தெரிந்தது. மறுநாளும் அதுதான். புண் நீர் கட்டிக்கொண்டது.

அம்மா யோசித்தாள். வீட்டில் ஐயா வாயில் வைப்பது எல்லாம் மதினி கையால் வருவது. வேறு எங்கும் அவர் கை நனைப்பதில்லை. அப்படியானால் தப்பு எங்கே இருக்க முடியும்? ஐயா கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் காதில் விழும்படியாகவே கேட்டுவிட்டாள். "ஏளா, அவிய கேட்டாவன்னு ஒளிச்சு ஒளிச்சுக் குடுக்கியா? நல்லவள்னு பேரெடுக்க எங்க வீட்டு ஆம்பளை காலுதான் கெடச்சுதா?" மதினி, "இல்லை அத்தை" என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் முறை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நீ இனி அடுப்பைத் தொடாதே என்றாள் அம்மா. ஐயா கூடத்தில் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மதினிக்கு மிஞ்சியது கொல்லைப்புறத்து வேலை மட்டும்தான். கொல்லையைப் பெருக்கவும், அந்தப் புட்டியை எடுக்கவும் அவள் வேண்டும், சோறு போட வேண்டாம். எழுதும்போதுகூட எனக்கு முகம் எரிகிறது.

அம்மா சமைத்தும் நிறம் மாறவில்லை. ஒரு நாள் கால் வீங்கி ஐயாவால் கிட்டங்கிக்குப் போக முடியாமல் போனது. சரக்குக் கொண்டுவந்தவர்களை வீட்டுக் கூடத்துக்கே வரச் சொல்லிவிட்டார். நாங்கள் மூன்று பெண்களும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தோம். ஓலைச் சிப்பங்கள் வரிசையாகப் பிரிக்கப்பட்டன. ஐயா ஒவ்வொன்றிலும் ஒரு கருப்பட்டியை எடுத்து, உடைத்து, ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். சுண்ணாம்பு கூடியிருக்கிறதா, பாகு முறிந்திருக்கிறதா, மணல் நெருடுகிறதா என்று நாக்கு சொல்லும். விழுங்கிவிட்டு விலை பேசுவார். அதுதான் அவர் தொழில். நான் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. அம்மா பல வருஷமாகப் பார்த்த காட்சி. அதை யாரும் சாப்பிடுவதாக எண்ணியதே இல்லை. நெல் வியாபாரி நெல்லை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பது சாப்பாடா என்ன?

மதினிக்கு மட்டும் அது புதிது. வேம்பாரில் அவள் வீட்டார் உப்பளக்காரர்கள். புது மருமகள் கிட்டங்கிப் பக்கம் போவதில்லை என்பதால் எங்கள் வீட்டுக்கு வந்தும் அவள் இதைப் பார்த்ததில்லை. ஐயா நாலைந்து சிப்பம் பார்த்திருப்பார். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல், அந்நிய ஆண்கள் இருக்கும் கூடத்துக்குள் கேட்டது. "மாமா, அதைத் துப்பிர முடியாதா?"

அவள் கேட்டது என்னவென்று அவளுக்கே தெரியாது. எங்கள் வியாபாரத்தில் கருப்பட்டியைத் துப்பினால் சரக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். கொண்டுவந்தவனுக்கு அதைவிட அவமானம் இல்லை. மற்றவர்கள் முன்னிலையில் துப்பப்பட்ட சரக்கை அந்த ஊரில் வேறு யாரும் தொட மாட்டார்கள். பனையேறியின் ஒரு பருவத்து உழைப்பு அந்த ஒரு துப்பலில் போய்விடும். நல்ல சரக்கை விழுங்குவதுதான் மரியாதை. ஐயா கதவுப் பக்கம் திரும்பவில்லை. வாயிலிருந்ததை விழுங்கினார். அடுத்த சிப்பத்தையும் விழுங்கித்தான் முடித்தார். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. செங்கல் நிறம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

பல வருஷம் கழித்து, என் வீட்டுக்கு வந்திருந்தபோது ஐயாவே ஒரு நாள் சொன்னார். "அவ அழுத அன்னைக்கே எனக்குப் பொறி தட்டிட்டு, ளா. சொல்ல நாக்கு வரல." கால் போனாலும் போகட்டும், கிட்டங்கியில் உட்காரும் தகுதி போய்விடக் கூடாது என்று நினைத்ததாகச் சொன்னார். அதற்காக ஒரு சின்னப் பெண் மேல் விழுந்த பழியை வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே கேட்டிருந்திருக்கிறார். பெற்ற அப்பாவை அப்படி நினைக்க எனக்கு அப்போதும் வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. என் பேரப்பிள்ளைகள் வீட்டில் சர்க்கரை பார்க்கும் சாமான் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது. காபி குடித்துக்கொண்டே விரலைக் குத்திப் பார்த்து, கூடிவிட்டது, இறங்கிவிட்டது என்று சத்தமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மதினி அப்படிக் கேட்டதற்கு மறுநாளும் ஆட்கள் கூடத்துக்கு வந்தார்கள். முதல் சிப்பம் வருஷக்கணக்காக எங்களுக்கே சரக்குப் போடும் ஒரு வயதானவருடையது. ஐயா உடைத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிட நேரமாயிற்று. பிறகு பக்கத்திலிருந்த படிக்கத்தை இழுத்து அதில் துப்பினார்.

பெரியவர் முகம் செத்துவிட்டது. குனிந்து, ஓலையை மடித்துச் சிப்பத்தைக் கட்டத் தொடங்கினார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கட்டாதிய அண்ணாச்சி" என்றார் ஐயா. அவர் குரல் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். "சரக்குல பழுது இல்ல. பழுது எங்கிட்டதான். எனக்கு நீரிழிவு. இனிமே எல்லாருக்கும் துப்பித்தான் பாப்பேன். ஒரு பிள்ளை மேல அநியாயமாப் பழி விழுந்தும் வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

என்னைக் கேட்டு வந்திருந்த இடம் அந்த வாரமே பேச்சை நிறுத்திக்கொண்டது. ஐயாவுக்குப் பெருவிரல் போயிற்று, கால் தங்கியது. அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நிமிஷத்தில் கதவுக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மதினி பக்கம் திரும்ப அவளால் முடியவில்லை. எங்களுக்குப் பின்னால் அடுப்பில் தண்ணீர் பொங்கி நெருப்பில் விழும் சத்தம் கேட்டது.

மதினிதான் பேசினாள். "அத்தை, உலை கொதிக்கி. அரிசி நீங்க போடுதியளா, நான் போடலாமா?"