வெட்டிய வரிக்குப் பக்கத்தில்

திருகோணமலைப் புத்தகக் கடைச் சந்திப்பில் வாசகர்கள் என் நாவலின் முதல் பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நிலாவெளியிலிருந்து வந்த, இறுகக் கொண்டை முடிந்த அம்மா ஒருவர் மட்டும் நடுப்பக்கமொன்றை விரித்து நீட்டினார். கணவனைக் கடலில் பறிகொடுத்தவள் நாளெல்லாம் கரையில் நின்று அழுதாள் என்ற வரியைப் பேனையால் வெட்டியிருந்தார்.

“இதுக்குப் பக்கத்தில போடுங்கோ.”

“ஏனம்மா வெட்டினீங்கள்?”

“என்ர மனுசனும் கடலிலதான் போனவர். பிள்ளையளை வைச்சுக்கொண்டு அப்பிடி நிக்க ஏலாது. எட்டாம் நாள் எட்டுச் செலவுக் காரியம் முடிஞ்ச மற்ற நாளே மீன் விக்கப் போனனான்.”

“இது கற்பனைதானே அம்மா” என்றார் என் பக்கத்திலிருந்த வலைப்பதிவர் ஒருவர்.

அம்மா வெட்டிய வரிக்குப் பக்கத்தில் விரலை வைத்து எனக்கு இடம் காட்டினார்.

கையெழுத்தைப் போட்டேன். அது அந்த வரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு என் கதைகளில் ஒரு பெண்ணையும் கரையில் சும்மா நிறுத்த எனக்குத் துணிவு வந்ததில்லை.