மூணு மணியம்மாவின் நாற்பத்தைந்து நிமிடம்

மூணு மணியம்மா என்ற பெயரை அவளுக்கு வைத்தவன் விசாக்காரன். அதே டிக்கெட் அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து விசா விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்பவன். வைத்ததில் தப்பில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் விற்ற எந்த டிக்கெட்டிலும், ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி இருந்ததில்லை. வாடிக்கையாளர் கெஞ்சினாலும் சரி, கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாலும் சரி.

"ஒரு மணி நேரம் போதும்னு கம்ப்யூட்டரே சொல்லுதே, மேடம்?" என்பார்கள்.

"கம்ப்யூட்டருக்கு முட்டிவலி கிடையாது சார்," என்பாள்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். எத்தனை விமானம் மாறினாலும் டிக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும், எல்லா விமானங்களும், பல விமான நிறுவனங்கள் கைகோத்துக்கொண்ட ஒரே கூட்டணியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமானக்காரன் பொறுப்பேற்க மாட்டான். கூட்டணி என்றால் கதை வேறு. "சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி. உள்ளுக்குள்ள ஆகாட்டியும், வாசல்ல வந்து நின்னவங்கள வெளிய நிறுத்த முடியாது" என்று விளக்குவாள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இவ்வளவு பேசுகிறவள் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை என்பதுதான் வேடிக்கை. "இடது பக்கம் திரும்புங்க, குட்டி ரயில் வரும், ஏறுங்க, பத்து நிமிஷம்தான்" என்று நாற்காலியில் இருந்தபடியே உலகத்துக்கு வழி சொல்வாள். வழியில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவது அலுவலகக் கைபேசியில். பயணியின் தொடர்பு எண் கேட்கும் கட்டத்திலும் அந்த எண்ணைத்தான் அவள் நிரப்புவாள். விமானத்தில் ஏதாவது மாற்றம் என்றால் செய்தி முதலில் தனக்கு வரவேண்டும், பயணிக்குத் தானே பக்குவமாகச் சொல்லவேண்டும் என்பது அவள் எண்ணம். அந்தக் கைபேசியை அலுவலகத்தில் வேறு யாரும் தொடக்கூடாது. சாயங்காலம் அவளோடு அதுவும் வீட்டுக்கு வந்துவிடும்.

மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கும் அது வந்தது. மகள் மேடையில் நின்று பேசிய பேச்சு முழுவதையும் அப்பா மட்டும்தான் கேட்டார். அம்மா தாழ்வாரத்தில் நின்று யாரோ ஒரு பயணியை எட்டாம் வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பட்டமளிப்பு விழாவுக்குக் கடைசி இருபது நிமிடம்தான் வந்து சேர்ந்தாள். மகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த மகள் இப்போது கல்யாணமாகி வேறொரு கண்டத்தில் இருந்தாள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, அறுவைதான் என்று சொல்லி, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நேரமும் குறித்துவிட்டார்கள்.

"அம்மா, எனக்கு நீ ஒண்ணும் கொண்டு வர வேணாம்," என்றாள் ஃபோனில். "என்னை உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நீ பக்கத்துல இருக்கணும். இந்த ஒரு தடவையாவது."

கடைசி மூன்று வார்த்தைகள் நெஞ்சில் தைத்தன.

கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆனால் யோசனை சொல்ல விடுப்பு எதற்கு? கைபேசியை நீட்டினார். "இங்க பாரு, ரெண்டே விமானம். புதன்கிழமை காலைலயே போய் இறங்கிடலாம். நடுவுல அம்பத்தஞ்சு நிமிஷம்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "ரெண்டும் தனித்தனி டிக்கெட்டுங்க. ரெண்டும் வேற வேற கம்பெனி. முதல்ல இருக்கறவன் தும்மினா நான் நடுவழில நிக்கணும்."

"நீ தலையைச் சுத்தித்தான் மூக்கைத் தொடுவே."

"தொட்டுடறேன் இல்ல? அது போதும்."

நான்கு நாள் உட்கார்ந்து தன் வழியைப் பின்னினாள். மூன்று விமானம், ஒரு கூட்டணி, ஒரே டிக்கெட், ஒவ்வொரு நடுவிலும் மூன்றரை மணி நேரம். புதன் சாயங்காலம் போய்ச் சேரும். அறுவைக்கு ஒரு முழு இரவு மிச்சம். டிக்கெட் படிவத்தின் கட்டங்களை விரல்கள் வழக்கம்போல மளமளவென்று நிரப்பின. கிளம்பும் நாளில் அலுவலகக் கைபேசியை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

"அக்கா, அதை என்கிட்ட குடுத்துட்டுப் போங்களேன்," என்றான் விசாக்காரன்.

"குடுத்தா நீ எல்லாருக்கும் ஒரு மணி நேரத்துல விமானம் மாத்தி விட்டுடுவே, தம்பி. ஆபீஸ் லேண்ட்லைனுக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கேன்." சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. அவள் முகம் கழுவி, தலைவாரி, தன் வாசலைக் கண்டுபிடித்து, வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதுபோலவே விமான நேரம் காட்டும் பலகைக்கு நேராக உட்கார்ந்தாள். கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் பலகையில் அவளுடைய விமானத்தின் வரி சிவப்பாக மாறியது. ரத்து.

கவுன்டருக்கு ஓடினாள். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: கூட்டணியிலேயே வேறொரு விமானத்தில் உங்களுக்கு இடம் போட்டாகிவிட்டது, அது அடுத்த முனையத்திலிருந்து இன்னும் முப்பது நிமிடத்தில் கிளம்புகிறது, நீங்கள் இறங்கும்போதே செய்தி அனுப்பிவிட்டோமே?

"எந்த நம்பருக்கு?"

அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். அலுவலகக் கைபேசி எண். டிராயருக்குள் பூட்டிக் கிடப்பது. சாவி கைப்பைக்குள் இருந்தது. தன்னையே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது, அதற்கும் நேரமில்லை.

இடது பக்கம் திரும்பினாள். குட்டி ரயிலுக்கு நின்றாள். நகரும் படிகளில் இரண்டு பழுதாகிக் கிடந்தன, ஏறினாள். பத்து நிமிஷம் என்று எத்தனை ஆயிரம் பேரிடம் வாய் கூசாமல் சொல்லியிருப்பாள்! இருபத்தாறு நிமிஷம் ஆனது. வாசலை மூடிவிட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் அப்படியே நின்றது, அவளுக்குத்தான் கதவில்லை. மூச்சு வாங்க அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுகிறோமே, யாராவது பார்ப்பார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

ஆனால் சம்பந்தி வீட்டு நியாயம் பொய்க்கவில்லை. ஒரே டிக்கெட் என்பதால் அந்த வாசலில் இருந்தவர் தட்டிக்கழிக்கவில்லை, கூட்டணி முழுக்கத் துழாவி இரண்டு வழி எடுத்துக் கொடுத்தார். ஒன்று, நாளைக் காலை இதே பாதை, நடுவில் நான்கு மணி நேரம், பெட்டி பத்திரமாக வரும், வியாழன் ராத்திரி போய்ச் சேரலாம். இன்னொன்று, இன்னும் இரண்டு மணி நேரத்தில் கிளம்பி வேறொரு ஊர் வழியாக. அங்கே விமானம் மாற நாற்பத்தைந்து நிமிடம். தவறவிட்டால் வெள்ளிக்கிழமைதான். பிடித்துவிட்டால் வியாழன் காலை ஆறு மணி.

முதலாவதைத்தான் எடுக்கச் சொல்வேன் என்றார் அவர். வேறு யாராவது கேட்டிருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"ரெண்டாவது," என்றாள்.

அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் மூணு மணியம்மா செய்ததையெல்லாம் விசாக்காரன் பார்த்திருந்தால் பெயரை மாற்றியிருப்பான். இறங்குவதற்கு முன்பே எழுந்து நின்றாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். சோதனை வரிசையில் முன்னால் நின்றவர்களிடம் "மகளுக்குப் பிரசவம், மகளுக்குப் பிரசவம்" என்றாள். பாஷை புரியாதவர்களும் முகத்தைப் பார்த்து வழிவிட்டார்கள். கதவை மூடக் கை வைத்தவர் அவளைப் பார்த்து அப்படியே நின்றார்.

பெட்டி வந்து சேரவில்லை. எப்படி வரும்? பெட்டி வராவிட்டால் புகார் எழுதிக் கொடுக்காமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவே கூடாது என்று இருபத்திரண்டு வருஷம் போதித்தவள், அந்த வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டாக்ஸி பிடித்தாள். ஊருக்குத்தான் உபதேசம்.

மருத்துவமனை அறைக்குள் நுழைந்தபோது மணி ஏழு நாற்பது. மகள் பச்சை உடுப்பில், சக்கரக் கட்டிலில் படுத்திருந்தாள். மருமகன் எழுந்து இடம்விட்டார். மகளின் தலையைத் தடவினாள்.

"இன்னும்... இருபது நிமிஷம் இருக்கு," என்றாள்.

"இருபது நிமிஷமா? உன் கணக்குல விமானமே போயிருக்குமேம்மா," என்று மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கைப்பைக்குள் அவளுடைய சொந்தக் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். விசாக்காரன். அலுவலகக் கைபேசி டிராயருக்குள் ஒருநாள் முழுக்கக் கத்தியதைப் பொறுக்க மாட்டாமல் பூட்டை உடைத்திருப்பான். மகளும் திரையைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் பழைய முகமாயிற்று.

"ஆபீஸ்தானே? பரவால்ல, எடும்மா."

அவள் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"என் விமானம் மாறிடுச்சுன்னு சொல்லக் கூப்பிடறான்," என்றாள். "மெதுவாச் சொல்லட்டும்."

கட்டிலைத் தள்ள ஆள் வரும்வரை மகளின் கையை அவள் விடவில்லை.