வெள்ளிக்கிழமை ரேக்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் வக்கார் அகமது என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம், நிறைய மரியாதை. தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே செக்கிங் மேஜைதான் அவர் இடம். சப்ளையர் வாங்கிக் கொடுக்கும் டீயைக்கூடத் தொட மாட்டார். ஒருமுறை சொந்த மச்சான் அனுப்பிய லைனிங் தோலையே சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மனைவி வஹீதா பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதும் மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. லஞ்சம் வாங்கிப் பழகியவன் தப்புச் செய்தால் பிடித்துவிடலாம். இவரைப் போன்றவர் தப்புச் செய்தால் கேட்க ஆள் இருக்காது. அதுதான் இந்தக் கதையில் வயிறு எரிய வைக்கிற விஷயம்.

அவர் வேலை எளிதில் சொல்லிவிடக்கூடியது. கம்பெனியில் தயாராகும் எல்லா ஜோடியையும் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. கொஞ்சம் எடுத்துப் பார்த்து, அதை வைத்து மொத்தமும் தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு வியாபாரி ஒருத்தர் சென்னையில் நடத்திய வகுப்புக்குப் போய்ச் சாம்பிள் எடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். பிரியாணி தேக்சாவில் மேலாகக் கரண்டி போட்டு ருசி பார்த்தால் அடியில் பிடித்தது தெரியாது; மேலே, நடுவே, அடியிலே என்று எடுக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார். முடிந்த ஜோடிகளை அடுக்கி வைத்திருக்கும் ரேக்கின் முன்னால் நின்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஜோடிகளை உருவுவார். நல்லதைத் தேடவும் கூடாது, கெட்டதைத் தேடவும் கூடாது என்பது அவர் கட்சி.

வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் பெரிய சாம்பிளை அவர் வெள்ளிக்கிழமைகளில்தான் எடுப்பார். கம்பெனிச் சட்டம் அப்படி எதுவும் சொல்லவில்லை. மதியம் ஜும்மா தொழுகை முடித்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து ரேக்கில் கை வைப்பார். அல்லாவின் முன்னால் நின்றுவிட்டு வந்த கை அநியாயம் செய்யாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. தொழிலாளிகளுக்கும் அதே நம்பிக்கைதான். தொழுகைக்குப் போகாத வள்ளியம்மாள் வரைக்கும், “ஜும்மா முடிச்சு வந்து எடுக்கிறாரு, இன்னா தப்பு வந்துடப் போவுது” என்பாள்.

கம்பெனியில் ஷூவுக்கு அடிப்பகுதியான சோலை ஒட்டுவதற்கு இரண்டு லைன்கள். முதல் லைனில் ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள். இரண்டாவது லைனில் ஆம்பூர் ஆண்கள், அநேகமாக எல்லோரும் முஸ்லிம்கள். அந்த லைனின் பழைய கை லியாகத் அலி. வக்கார் அகமதுவின் தெருக்காரர், சிறு வயதுத் தோஸ்த். பசையைத் தடவி, அது சரியான பதத்துக்குக் காயும்வரை பொறுத்து அவர் ஒட்டிய சோலைப் பிரிக்க வேண்டுமானால் தோல்தான் கிழியும்.

வெளிநாட்டில் வரி ஏறி ஆர்டர்கள் குறைந்த வருஷம் வந்தது. முதலாளி சுஹேல் அகமது சின்ன வயசுக்காரர், படித்தவர். வக்கார் அகமதுவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஒரு லைன மூடித்தான் ஆகணும் பாய். எத மூடினாலும் எம்மேல பழி வரும். நீங்க ரெண்டு லைன்லயும் சாம்பிள் எடுங்க. எதுல ரிஜெக்ஷன் ஜாஸ்தியோ அத மூடிடலாம். உங்க கைய யாரும் குறை சொல்ல மாட்டாங்க.”

வேறு யாராக இருந்தாலும் இந்தப் பாவத்தில் என்னை இழுக்காதீர்கள் என்று நழுவியிருப்பார்கள். வக்கார் அகமதுவுக்கோ நியாயமான வேலையை நியாயமான ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமை அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு லைன் குடும்பங்களின் சோறு அதில் மாட்டிக்கொண்டது.

செய்தி பரவியதும் லியாகத் அலி மேஜைக்கு வந்தார். கெஞ்சவில்லை. “கண்ணக் கட்டிக்கினு எடு பாய். நம்ம லைன் தாங்கும்” என்று உருதுவில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் இருவரும் ஒன்றாகவே மசூதிக்குப் போனார்கள், ஒன்றாகவே திரும்பினார்கள். வக்கார் அகமது இரண்டு ரேக்கிலும் மேலே, நடுவே, அடியிலே என்று எடுத்தார். இரண்டாவது லைன் ஷூவை வளைத்தபோது முனையில் சோல் வாய் பிளந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. போட்டுவிட்டு வேறொன்றை உருவலாம், பார்க்க யாருமில்லை. அவர் செய்யவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அதே கதை. பெண்கள் லைனில் ரிஜெக்ஷன் கம்மி, ஆண்கள் லைனில் ஜாஸ்தி. பார்த்ததைப் பார்த்தபடியே முதலாளியிடம் சொன்னார். இரண்டாவது லைன் மூடப்பட்டது.

யாரும் கொடி பிடிக்கவில்லை, கத்தவில்லை. வக்கார் பாய் எடுத்த சாம்பிள் என்றதும் எல்லோர் வாயும் அடைத்துப் போயிற்று. சிலர் சென்னைக்குப் போனார்கள், சிலர் ராணிப்பேட்டைப் பக்கம் வேலை தேடினார்கள். லியாகத் அலி எங்கும் போகவில்லை. பேர்ணாம்பட்டுக் கம்பெனி ஒன்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். மண்டியில் வெங்காய மூட்டை இறக்கினார். அவர் மனைவி புஷ்ரா ஒருநாள் வஹீதாவிடம் அழுதிருக்கிறாள்.

“கை போச்சுன்னு சொல்றாரு. பக்கத்து வீட்டுக் கொழந்த செருப்பு பிஞ்சிடுச்சு, ஒட்டிக் குடுங்கன்னு கேட்டா, நான் ஒட்டினா நிக்காதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு.”

வஹீதா இதைச் சொன்னபோது வக்கார் அகமது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயசானால் எல்லோருக்கும் கை தளரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

உண்மை வெளியே வந்தது ஒரு சாதாரணப் பேச்சில். முன்பு உதவி ஆளாக இருந்து இப்போது பெண்கள் லைனுக்கு வந்திருந்த நந்தினியின் ஷூ ஒன்றை வளைத்துப் பார்த்து, “நல்லா ஒட்டுறியேம்மா, எங்க கத்துக்கின?” என்று கேட்டார்.

“இப்பதான் சார் ஒழுங்கா சொல்லிக் குடுத்தாங்க. முன்னாடி வெள்ளிக்கிழமைல ரெண்டாவது லைன்ல உக்கார வெப்பாங்க இல்ல? அவங்க தொழுகைக்குப் போனா பெல்ட்டு நிக்கக் கூடாதுன்னு எங்களப் புடிச்சு உக்கார வெச்சிடுவாங்க. ஒண்ணுமே தெரியாது. பசை காயறதுக்குள்ள அமுக்கிடுவோம்.”

வக்கார் அகமது கையிலிருந்த ஷூவை மேஜையில் வைத்தார். இது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் காலையில் முடிந்த ஜோடிகள் மதியத்துக்குள் பேக்கிங்குக்குப் போய்விடும் என்பதையும், தான் திரும்பி வரும்போது ரேக்கில் மேலே, நடுவே, அடியிலே இருப்பதெல்லாம் தொழுகை நேரத்தில் ஒட்டியவைதான் என்பதையும் அவர் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. பெண்கள் லைனில் எல்லா நாளும் அதே கைகள். ஆண்கள் லைனில் அவர் தொட்ட ஜோடிகளில் மட்டும் அந்த ஆண்களின் கை இல்லை. எந்த இடத்தில் எடுப்பது என்று அத்தனை ஜாக்கிரதையாக இருந்தவர் எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்று பார்க்கவில்லை.

குடோனில் இரண்டாவது லைனின் பழைய பெட்டிகள் இன்னும் போகாமல் கிடந்தன. தேதி பார்த்து, வெள்ளி அல்லாத நாட்களில் தயாரானவற்றைப் பிரித்து, விரல் வலிக்கும்வரை வளைத்துப் பார்த்தார். பெண்கள் லைனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவையல்ல. அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார்.

விஷயத்தைப் போய்ச் சொன்னபோது முதலாளி காது கொடுத்துத்தான் கேட்டார். “மெஷின வித்தாச்சு பாய். ஏதாவது ஒரு லைன எப்படியும் மூடியிருப்போம். இத வெளிய சொல்லி எல்லாரையும் பேஜார் பண்ணாதீங்க” என்றார். போனை எடுத்துக்கொண்டார்.

வக்கார் அகமது லியாகத் அலியின் வீட்டுக்குப் போனார். லியாகத் அலி மண்டியிலிருந்து வந்து, தோளில் வெங்காயச் சருகு ஒட்டியபடி உட்கார்ந்திருந்தார். இருவரும் எப்போதும் உருதுவில் பேசிக்கொள்கிறவர்கள். சொல்லவேண்டியதை வக்கார் அகமது ஒன்றும் மறைக்காமல் சொன்னார். உன் கையில் குற்றமில்லை, நான்தான் குருடன், பேர்ணாம்பட்டுக்காரர்களிடம் நானே வந்து பேசுகிறேன் என்றார். அவர் எதிர்பார்த்தது திட்டு, இல்லாவிட்டால் அழுகை.

லியாகத் அலி தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, வெளியாளிடம் பேசுவதுபோல, தமிழில் கேட்டார்.

“அந்தப் பொண்ணுங்க ஒட்டிக்கினு இருந்த நேரத்துல நான் எங்க இருந்தேன்?”

“மசூதில.”

“எங்கூட யாரு இருந்தா?”

லியாகத் அலி தானே பதிலும் சொன்னார்.

“நீதானே இருந்த. என் பக்கத்துல நின்னு தொழுது, தரையில நெத்தி வெச்சு சஜ்தா பண்ணிட்டு, அங்கிருந்து வந்து, நான் ஒட்டினது நிக்கலைன்னு சொன்ன. ஊர்ல வேற எவன் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.”

புஷ்ரா டீ கொண்டுவந்து வைத்தாள். இருவருமே குடிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை லியாகத் அலி வேறு மசூதிக்குத் தொழப் போனார். பேர்ணாம்பட்டுக்கு அவர் போகவேயில்லை.