காந்தத்தில் ஒட்டிய மணல்

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த வருஷம், மலாயாவின் கோத்தா திங்கியில், வெள்ளீயம் உருக்க ஈயமணல் வாங்கும் சீனர் கடையில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அங்கேதான் அவரைப் பார்த்தேன். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்து வேலை போனவர். ஆற்று நீரில் ஊறி விரல்களெல்லாம் வெளுத்திருக்கும். மரத்தட்டில் அரித்தெடுத்த கறுப்பு மணலைத் துண்டில் முடிந்து கொண்டுவருவார்.

ஈயமணலும் இரும்பு மணலும் பார்வைக்கு ஒன்றுதான். காந்தத்தைக் காட்டினால் இரும்பு ஒட்டிக்கொள்ளும், ஈயம் அசையாது. நான் காந்தத்தை எடுத்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அன்று மணல் முழுவதும் காந்தத்தில் முள்முள்ளாய் ஏறியது.

"எல்லாமே இரும்புங்க. கொட்டிட்டுப் போங்க" என்றேன்.

அவரோ காந்தத்தில் ஒட்டியதைக்கூட வழித்தெடுத்து முடிந்துகொண்டார்.

"இது எதுக்குங்க?"

"வெறுங்கையோட போனா பொண்டாட்டி இடிஞ்சி போயிடுவா கிராணி ஐயா. இந்த முடிச்சப் பாத்தா, நாளைக்கு வித்துடும்னு சொல்லிப் புள்ளைங்கள தூங்க வெச்சிடுவா."

மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். அதே துண்டு, அதே முடிச்சு. நேற்றைய மணல்தான் என்று இருவருக்கும் தெரியும். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, நான் காந்தத்தை எடுத்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.