எட்டு மணி அழைப்பு

ஹோம்புஷ் குடியிருப்பின் சமையல் மேடையில் ரைஸ் குக்கரின் மேல் சாய்த்து வைத்த செல்பேசி. அதன் முன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் அக்கா. அவரை நினைத்தால் முதலில் வருவது இந்தக் காட்சிதான். நான் சிட்னியில் படித்தபோது என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். இரண்டு வயது மகனைத் திருச்சியில் மாமியாரிடம் விட்டுவிட்டு நர்சிங் படிக்க வந்திருந்தார். கோடையில் இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே மதியம் இரண்டரை, பையன் தூங்கும் நேரம். தாலாட்டு எதுவும் பாடமாட்டார். அன்று வார்டில் நடந்ததையெல்லாம் தணிந்த குரலில் சொல்வார். அதைக் கேட்டபடியேதான் அவன் தூங்குவான். ஒரு நாளும் தவறியதில்லை. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வர முடிந்தது என்று மனத்துக்குள் அவரைக் குறை சொல்லியிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டதில்லை.

மாணவர்களுக்கான சலுகைச் சீட்டு இரண்டு கிடைத்தபோது அவரை ஒபேரா இசை நாடகத்துக்கு இழுத்துப் போனது நான்தான். "எட்டு மணிக்குப் பையன் தேடுவானே" என்றார். "ஒரு நாள்தானேக்கா" என்றேன். மாமியாரிடம் சொல்லிவிட்டு, அவசரத்துக்கு என் எண்ணையும் கொடுத்தார்; மாமியார் எண்ணை என் செல்பேசியில் பதிந்தும் வைத்தார். அவருடைய பெரிய முதுகுப்பையை அரங்குக்குள் விடவில்லை. அதை வெளியே ஒப்படைத்தபோது அவர் செல்பேசியும் அதோடு போய்விட்டது. என்னுடையதைச் சத்தம் அணைத்து மடியில் வைத்துக்கொண்டேன். நடுவில் எழுந்து போனால் இடைவேளை வரை திரும்ப உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் நின்ற பெண் சொன்னார். கச்சேரிக்கு நடுவே போய் காபி குடித்துவிட்டு வந்து பழகிய எனக்கு அது விநோதமாக இருந்தது.

மேடையில் கத்திக்குத்துப்பட்ட ஒருவன் படுத்தபடியே நெடுநேரம் பாடினான். "இவ்ளோ பாடுறதுக்குள்ள ஒரு கட்டுப் போட்டிருக்கலாம்டீ" என்று அக்கா என் காதில் சொல்ல, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு அவனை மடியில் கிடத்தி ஒரு பெண் பாடத் தொடங்கினாள். அக்கா முன்னால் சாய்ந்தார். கடிகாரம் பார்க்காத அக்காவின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்போது என் மடியில் வெளிச்சம். திரையில் அவருடைய மாமியார் பெயர். செல்பேசியைக் கவிழ்த்தேன். மறுபடி அதிர்ந்தது. காய்ச்சலா? எங்கேயாவது விழுந்துவிட்டானா? சொன்னால் அக்கா எழுந்துவிடுவார், இந்த முகம் போய்விடும். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? இடைவேளைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்த நாற்பது நிமிடமும் மேடையில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விளக்குகள் எரிந்ததும், அப்போதுதான் பார்த்ததுபோல, "அக்கா, உங்க மாமியார் கூப்பிட்டிருக்காங்க" என்றேன். என் செல்பேசியிலேயே அழைத்தார். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. "ஒண்ணுமில்லம்மா. நீ வரலைன்னு ரொம்ப அழுதான். அழுது அழுது தானாவே தூங்கிட்டான். பழகிப்பான், நீ கவலப்படாத." அக்கா "சரிங்கத்தை" என்று மட்டும் சொன்னார். மறுநாள் எட்டு மணிக்கு அழைத்தபோது பையன் ஏற்கெனவே தூங்கியிருந்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

இப்போது மெல்பர்னில், டார்னெய்ட்டில் இருக்கிறேன். எனக்கு ஒன்பது மாதப் பெண். வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் போன வாரம் அவளைக் காப்பகத்தில் சேர்த்தோம். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மாலை அழைத்துவரப் போனபோது, "இன்று தானாகவே தூங்கிவிட்டாள்" என்று காப்பகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. நல்ல செய்திதான். வாசலில் நிறுத்திய காரிலிருந்தே அக்காவை அழைத்தேன். அவர் இப்போது அடிலெய்டில் நர்ஸ். அவரோடு இருக்கும் மகன் அவரைவிட உயரமாகிவிட்டான்.

"அக்கா, அன்னைக்கு ஒபேராவுல போன் வந்தப்பவே பாத்தேன். வேணும்னேதான் உங்ககிட்ட சொல்லல."

மறுமுனையில் பாத்திரம் வைக்கும் ஓசை நின்றது. "தெரியும்டீ. வெளிச்சம் வந்தப்பவே நானும் பேரைப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா எந்திரிக்கல?"

"அவ பாடி முடிக்கட்டும்னு இருந்தேன். முடிச்சா, இன்னொருத்தி வந்துட்டா." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் பாத்ததை நீ பாத்துட்டியோன்னுதான் இத்தனை வருஷமா எனக்கு பயம்."

பேசி முடித்தபோது காப்பகத்தின் கதவு எதிரிலேயே இருந்தது. என் பெண் விழித்திருப்பாள். நான் உடனே இறங்கவில்லை.